சத்தம் இல்லாத சுற்று

இயற்பியல் துறையில் அவளைப் பெயர் சொல்லித் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பீக்கர் எங்கே என்றுதான் கேட்க வேண்டும். முதலாம் ஆண்டு சேர்ந்த வாரத்தில் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்துப் பெண்ணிடம் ரப்பர் கேட்டாள். கேட்டது பக்கத்துப் பெண்ணிடம்தான். திரும்பிப் பார்த்தது மொத்த நூலகமும். அன்றைக்கு ஒட்டிய பெயர் இரண்டாம் ஆண்டு முடியப்போகிற நேரத்திலும் உரியவில்லை. அவளும் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. “எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான். மெதுவாப் பேசினா யாரையோ போட்டுக் குடுக்கற மாதிரி இருக்கும்” என்பாள்.

அந்தத் தொண்டைக்கும் ஒரு மரியாதை வந்தது. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழகம் தன் ஆய்வகங்களை ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிடும். மற்ற நாளில் நாற்காலியை இழுத்தாலே முறைக்கிற ஆய்வகங்களில் அன்று குழந்தைகள் கும்மாளம் போடும். தாய்மார்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து “ஒண்ணும் தெரியலையே” என்பார்கள். எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டும் தகப்பன்மார்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இந்தக் கூட்டத்தை மேய்க்க மாணவர்களில் தன்னார்வலர்கள் வேண்டும். பேராசிரியர் பட்டியலைக்கூடப் பார்க்கவில்லை. “ஒலி அறைக்கு ஸ்பீக்கரைப் போடுங்க. மைக் செலவு மிச்சம்” என்றார்.

ஒலி அறையின் வேலை இதுதான். பத்து நாற்காலி, எதிரே ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி, அதற்குப் பின்னால் எண் ஓடுகிற திரை. பத்துப் பேர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வலது கையைத் தூக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு ஒலி வரும். நொடிக்கு ஆயிரம் அதிர்வில் தொடங்கி ஐந்து நொடிக்கு ஒரு தடவை இரண்டாயிரம், மூவாயிரம் என்று கீச்சுக் குரலாக ஏறிக்கொண்டே போகும். காதில் விழுகிறவரை கை மேலேயே இருக்கும். கேட்பது நின்றதும் இறக்கிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பதினெட்டாயிரம் வரைக்கும் கேட்கும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பன்னிரண்டாயிரத்தோடு கதவு சாத்திக்கொள்ளும். அது நோயில்லை, வயது. முடிந்ததும் அவரவர் வயதையும் கை இறங்கிய எண்ணையும் பார்த்துச் சுவரில் இருக்கும் பெரிய தாளில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டுவார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பொட்டுகள் மாடிப்படி மாதிரி இறங்கி நிற்கும். வாசலில் ஒரு அட்டை: இது மருத்துவப் பரிசோதனை அல்ல.

இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சு. அதில் அதிசயம் என்னவென்றால், பேச்சைத் தொடங்குகிறவர் அப்பா.

அப்பா இரும்பு வார்ப்பாலையில் கிரேன் ஓட்டுகிறவர். கொட்டகைக் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். அதன் கூண்டுக்குள் உட்கார்ந்து, யானைக் கனமுள்ள வார்ப்புகளைத் தூக்கி இங்கிருந்து அங்கே வைக்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக அந்தக் கூண்டுதான். “எங்க முதலாளியே எனக்குக் கீழதான் நடக்கணும்” என்று சிரிப்பார். மகளுடைய படிப்பைப் பற்றி அவர் கேட்கும் ஒரே கேள்வி “பாஸா?” என்பதுதான். ஆமாம் என்றால் அடுத்த தேர்வு வரைக்கும் நிம்மதி.

அப்படிப்பட்டவர் சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தார்.

“ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம் பாப்பா?”

“அஞ்சு செகண்டுப்பா. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி.”

“என் வயசுக்காரனுக்கு எது வரைக்கும் கேக்கும்?”

“பன்னெண்டாயிரம். அதுக்கு மேல கேட்டுதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.”

“அப்போ அறுபது செகண்டு” என்று எழுதிக்கொண்டார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு இரவு அம்மாவிடம், “அப்பாவுக்கு ஃபிசிக்ஸ் எவ்வளவு இன்ட்ரஸ்ட் பாத்தியா? படிக்க வெச்சிருந்தா எங்கயோ போயிருப்பாரு” என்றாள். அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, “ஆமா, எங்கயோ” என்றாள்.

சந்தோஷம் தலைக்கேறினால் மனுஷர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். திறந்த நாள் விளம்பரத் தாளில் இருபதை அப்பாவிடம் கொடுத்து, வேலையிடத்தில் எல்லாருக்கும் கொடுங்கள் என்றாள். அப்பா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நாலு நாள் கழித்து அந்த இருபதும் பையிலேயே கசங்கிக் கிடந்தன. மறதி மன்னர் என்று நினைத்து, வகுப்பு விட்டு வரும் வழியில் தானே போய் வார்ப்பாலை வாசலில் வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தாள். அடியில் பேனாவால் ‘ஒலி அறைக்குக் கட்டாயம் வாருங்கள்’ என்று வேறு எழுதினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சனிக்கிழமை காலையிலேயே கூட்டம் நெரிந்தது. முதல் இரண்டு சுற்றில் பள்ளிக்கூடப் பையன்கள் வந்தார்கள். இருபதாயிரம் தாண்டியும் ஒருத்தன் கையை இறக்கவில்லை. அதைப் பார்த்து இன்னொருத்தனும் இறக்கவில்லை. வௌவாலுக்கே சவால் விடுகிற காதுகள். தாளில் பொட்டுகள் கண்டபடி ஏறின.

“செவிடன் காதுல ஊதின சங்குங்கற மாதிரி, கண்ணை மூடுங்கடான்னா ஒருத்தனாவது மூடறானா பாரு” என்று ஆய்வக உதவியாளர் தலையில் அடித்துக்கொண்டார். துறையில் எல்லாருக்கும் அவர் அண்ணா. பேராசிரியர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஸ்பீக்கருக்குத்தான் அந்த யோசனை வந்தது. “அண்ணா, மூவாயிரம் வரைக்கும் சத்தம் குடுப்போம். அப்புறம் சத்தத்தை மொத்தமா நிறுத்திடுவோம். திரையில நம்பர் மட்டும் ஓடட்டும். எவன் கை மேலேயே இருக்கோ அவன் புளுகு மூட்டை.”

அண்ணாவுக்கு வாயெல்லாம் பல். மூன்று சுற்றுக்கு ஒரு தடவை இந்தச் சத்தமில்லாத சுற்று என்று முடிவாயிற்று. மாட்டிக்கொள்கிறவர்களுக்குக் கொடுக்க மஞ்சள் அட்டையில் காது வரைந்து ‘கில்லாடிக் காது’ என்று எழுதி ஊக்கு குத்தி வைத்தாள். சனங்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வேதியியல் துறைக்காரன் பொங்கவிட்ட நுரையை விட்டுவிட்டு இங்கே வந்து வரிசை கட்டினார்கள். பேராசிரியர் எட்டிப்பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காலைப்பொழுது அதற்கு முன் வந்ததில்லை.

மதியம் அப்பா வந்தார். விசேஷத்துக்குப் போடுகிற சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. வாசலிலிருந்தே “பாப்பா!” என்றார். அண்ணா அவளைப் பார்த்து, “இப்பத்தான் புரியுது, ஸ்பீக்கர் எந்தக் கம்பெனித் தயாரிப்புன்னு” என்றார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்பா கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடி, கையைத் தூக்கினார். இடது கை முழங்கால்மேல் இருந்தது. அதில் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. திரையில் பன்னிரண்டாயிரம் முடிந்து பதின்மூன்றாயிரம் வர, கை இறங்கியது. அச்சு அசலாக ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் காது. பச்சைப் பொட்டை அவளே ஒட்டினாள். “எங்கப்பா!” என்று மொத்த அறைக்கும் சொன்னாள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

“இன்னொரு தடவை உக்காரட்டுமா?” என்றார் அப்பா. “கை வந்துடுச்சு போல இருக்கு.”

கை வந்துவிட்டது என்று ஒருத்தர் காதைப் பற்றிச் சொல்வாரா? அவள் அதை யோசிக்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு, வரிசையிலிருந்து இன்னும் ஒன்பது பேரை உள்ளே விட்டாள். ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்தபடி கண்ணாடி போட்ட ஒருவர் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த சுற்றுக்காரர்கள் பின்சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அண்ணா மூன்று விரலைக் காட்டினார். மூன்றாவது சுற்று, சத்தமில்லாத சுற்று. அப்பா இருக்கிறாரே என்று அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு, இருந்தால் என்ன, இது நம்முடைய யோசனை என்று அவருக்கும் தெரியட்டுமே, அவரா ஏமாறப்போகிறார் என்று தோன்றியது. இவ்வளவு பேரில் முதலில் கையை இறக்கப்போகிறவர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டாள். பின்சுவர்க்காரர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.

ஆயிரம். இரண்டாயிரம். மூவாயிரம். பிறகு ஒன்றுமில்லை.

குழந்தையின் கை உடனே இறங்கியது. அதன் அப்பாவுடையது அடுத்து. மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது. ஒரு கல்லூரிப் பையன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, சந்தேகம் வந்து இறக்கினான். திரையில் ஆறாயிரம் வந்தபோது அறையில் ஒரே ஒரு கைதான் மேலே இருந்தது.

அப்பா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். முகத்தில் பரீட்சை எழுதுகிறவனின் பக்தி. முழங்கால்மேல் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. உதடும் அசைந்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று அந்த உதட்டை அவளால் படிக்க முடிந்தது.

பின்சுவரில் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். பக்கத்திலிருந்தவர்களுக்கும் அது தொற்றியது. மற்ற ஒன்பது பேரும் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து, திரும்பிப் பார்த்தார்கள். அவர்களிலும் பலர் சிரித்தார்கள். அப்பா திறக்கவில்லை. ஒரு அறை நிறையச் சிரிப்பு, அதன் நடுவில் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

“அப்பா” என்றாள் அவள். அது மெதுவாகத்தான் வந்தது. பிறந்ததிலிருந்து அவள் அவரை அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டதே இல்லை. எல்லாருக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

வீட்டில் ஏன் கத்திப் பேசுகிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசல் மணியோடு சேர்த்து ஒரு விளக்கையும் அப்பா ஏன் மாட்டினார், அம்மா ஏன் எப்போதும் எதிரே போய் நின்றுகொண்டு பேசுகிறாள், டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சண்டைக்கு வருகிறார் எல்லாம் வரிசையாக வந்தன. இருபது வருஷம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறாள். ஒலியியலில் தொண்ணூற்று நாலு மதிப்பெண் வேறு.

பன்னிரண்டாயிரம் முடிந்தது. அப்பா கையை இறக்கிக் கண்ணைத் திறந்தார். எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். “எப்பிடி? கரெக்டா?” என்றார் உரத்த குரலில். அறை இன்னும் சிரித்தது. பின்சுவரிலிருந்து ஒரு பொடியன் ஓடிவந்து மஞ்சள் காதை அவர் சட்டையில் குத்திவிட்டான். பரிசு என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினார். அட்டையைப் புரட்டிப் படித்துக்கொண்டே தலையைத் தூக்கியவர், இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. ஒரு தலையசைப்பு மட்டும். அப்பா எழுந்து வெளியே போனார்.

சுற்று கலைந்தது. மகளை நுரை பார்க்க அனுப்பிவிட்டு அந்த மனிதர் அவளிடம் வந்தார். “நீங்க அவர் பொண்ணாம்மா? நான் அவங்க ஆலையில பாதுகாப்பு அதிகாரி. கேட்ல இந்த அறைக்குக் கட்டாயம் வரச்சொல்லி எழுதியிருந்துது. அதான் பாப்பாவைக் கூட்டிட்டு வந்தேன்.”

அவள் வாசல் அட்டையைக் கையால் காட்டினாள். “சார், இது மருத்துவப் பரிசோதனை இல்ல. சும்மா விளையாட்டு. பெட்டி நல்ல பெட்டியும் இல்ல. அறையில எதிரொலி வேற.”

“சத்தமே இல்லாததைக் கேக்கறதுக்குப் பெட்டி எதுக்கும்மா நல்லா இருக்கணும்?” என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். “போன மாசம் ஒரு வார்ப்பு இறங்கறப்போ கீழ ஒரு வெல்டர் மாட்டிக்கிட்டாரு. மூணு தடவை விசில் ஊதியிருக்காங்க. கிரேன் நிக்கல. அவர் உருண்டு தப்பிச்சாரு, ஹெல்மெட் மட்டும் நசுங்குச்சு. விசிலே ஊதலன்னு உங்கப்பா சொன்னாரு. இருபத்தாறு வருஷ ஆளு. அவர் சொன்னதைத்தான் நான் எழுதினேன்.”

அந்தக் கதை அவளுக்குத் தெரியும். அப்பா அதை வீட்டில் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருந்தார். வெல்டர் உருண்டதை நடித்துக்கூடக் காட்டினார். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

“திங்கட்கிழமை எல்லாருக்கும் வருஷாந்திரக் காது டெஸ்ட்” என்றார் அவர். “இத்தனை வருஷம் நர்ஸ் பட்டனை அழுத்துவாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க கை அசையறது தெரியும். இந்த வருஷம் கம்ப்யூட்டர். அதுல அவர் பாஸ் பண்ணினா நான் இதைப் பத்திப் பேச மாட்டேன். இங்க பாத்தது இங்கயே இருக்கட்டும். பண்ணலைன்னா கூண்டுல ஏத்த முடியாது. கீழ நிக்கறவங்களுக்கும் வீடு வாசல் இருக்கு இல்லையாம்மா?” மகளைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அவள் நடைவழிக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, அப்பாவுக்குக் காது…”

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது. “இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? நீதானே சத்தத்தைப் பத்திப் படிக்கிறே.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பே? ஊருக்கே கேக்கற மாதிரி அழுதிருப்பே” என்றாள் அம்மா. தையல் இயந்திரம் மறுபடி ஓடி நின்றது. பிறகு, “அந்தக் கூண்டை விட்டு இறக்கினா அவர் மனுஷனா இருக்க மாட்டாரு. குப்பை கூட்டச் சொல்லுவாங்க. எல்லாரும் அண்ணாந்து பாத்த ஆளு. திங்கட்கிழமை தாண்டற வரைக்கும் காதும் காதும் வெச்ச மாதிரி இரு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்” என்றாள்.

பெற்ற தாய் அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளை தாங்கும்? நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். சத்தமில்லாமல் அழ அவளுக்குப் பழக்கமில்லை. வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மீதிச் சுற்றுகளை அண்ணா பார்த்துக்கொண்டார். சாயங்காலம் கூட்டம் கலைந்தபின், தாளைச் சுருட்டும் முன் அவள் அப்பாவின் பச்சைப் பொட்டைத் தேடினாள். ஐம்பத்திரண்டு வயது, பன்னிரண்டாயிரம். சுற்றிலும் அதே வயதுக்காரர்களின் பொட்டுகள் கூட்டமாக இருந்தன. அதை நகத்தால் கிள்ளி எடுத்தாள். பாதி கிழிந்து தாளிலேயே ஒட்டிக்கொண்டது.

“பெட்டியையும் காது மெஷினையும் திங்கட்கிழமை காலையில உள்ள வெச்சாப் போதும். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்” என்று அண்ணா ஆய்வகச் சாவியைக் கொடுத்தார். காது மெஷின் என்றது மருத்துவமனைகளில் இருக்கிற மாதிரிக் கருவி. தலைக்கருவியும் அழுத்துகிற பொத்தானும் கொண்டது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு அதில்தான்.

அப்பா பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தார். மஞ்சள் காது சட்டையில் இல்லை. ஊக்கு குத்திய இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பேருந்து வந்தது. நிற்கத்தான் இடம். திறந்த நாளுக்கு வந்து திரும்புகிற குடும்பங்களும் கடை மூடிய பெண்களும் ஷிப்ட் முடிந்தவர்களும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பா மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் அவருக்கு எதிரே, அம்மா எப்போதும் நிற்கிற மாதிரி, முகம் தெரிய நின்றாள்.

“அவர் ஏதாவது கேட்டாரா?” என்றார் அப்பா.

“கேட்டாருப்பா.”

“என்ன சொன்னே?”

“விளையாட்டுன்னு சொன்னேன்.”

அப்பா தலையாட்டினார். இரண்டு நிறுத்தம் போனது. பிறகு அவர் குனிந்து, ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்ட குரலில் பேசினார். பக்கத்தில் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்தாள்.

“வெளிய பசங்க சொன்னாங்க. நீங்க வெச்சீங்களே அந்தச் சத்தமில்லாத ஏமாத்து, அது திங்கட்கிழமை டெஸ்ட்டுலயும் வைப்பானா?”

“வைப்பாங்கப்பா. அங்க அஞ்சு செகண்டு கணக்கும் கிடையாது. எப்போ வரும்னு சொல்ல முடியாது.”

“அது மாதிரி மெஷின் உங்க லேப்ல இருக்குன்னு சொன்னியே. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு நாள் முழுக்க உக்காந்தா எனக்குப் பிடிபட்டுடும் பாப்பா. இருபது நாள்ல கிரேன் கத்துக்கிட்டவன் நான்.” அவர் சிரிக்கப் பார்த்தார். “நீ சொல்லிக்குடுத்தா எனக்கு ஏறும். இந்த ரெண்டு வாரம் எவ்வளவு அழகாச் சொல்லிக்குடுத்தே.”

சாவி அவள் பைக்குள்தான் இருந்தது. அவளால் முடியும் என்பதுதான் கொடுமை. அந்த மெஷினின் வேலை அவளுக்கு அத்துப்படி. எந்த ஒலிக்குப் பிறகு எந்த ஒலி வரும், எவ்வளவு நேரம் பொறுத்து அழுத்தினால் கணக்கில் எடுத்துக்கொள்ளும், எத்தனை தவறை மன்னிக்கும் எல்லாம் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்தால் அப்பாவை ஒப்பேற்றிவிடலாம். திங்கட்கிழமை தாண்டிவிடும். செவ்வாய்க்கிழமை அவர் கூண்டில் ஏறுவார். கீழே யாராவது விசில் ஊதுவார்கள்.

அப்பாவும் மகளுமாகப் பென்சிலோடு உட்கார்ந்த அந்த இரண்டு வாரமும் அவள் கண்ணில் வந்து நின்றது. அவளுக்கு அது போதவில்லை. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் போலவும் இருந்தது. ஆசை அப்படித்தான், வெட்கம் கெட்டது.

முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, “முடியாதுப்பா” என்றாள்.

“ஆங்?”

“முடியாதுப்பா.”

“என்ன பாப்பா, சரியாச் சொல்லு. இந்த பஸ் இரைச்சல்ல ஒண்ணும் விழல.” காதைக் கிட்டே கொண்டுவந்தார். அந்தக் காதின் ஓரத்தில் நரைமுடி இருந்தது. எண்ணெய் வாசனை அடித்தது. எத்தனை வருஷமாக ‘இந்த இரைச்சல்ல’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

மெதுவாகச் சொல்லவும் அவரிடம் வழியில்லை. இந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது காதோடு காதாகச் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, ஒலி அறையில் காலையெல்லாம் கத்திய அதே குரலில், அவர் வளர்த்துவிட்ட அதே குரலில் சொன்னாள்.

“சொல்லிக்குடுக்க மாட்டேம்ப்பா! உங்களுக்குக் காது கேக்கல! நீங்க இனிமே கிரேன் ஏறக் கூடாதுப்பா!”

பேருந்து மொத்தமும் திரும்பியது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். மஞ்சள் காது குத்தியிருந்த ஒரு சின்னப் பையன் தன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கடைசி வரிசைக்காரர்களுக்கும் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது.

அவர் மகள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பியைப் பிடித்திருந்த கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.